மேலே உலர்ந்த தானியம், உள்ளே ஈரம்: கைப்பேசியின் தரம் பற்றி ஒரு பாடம்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்



நலவாழ்வு மடலின் பாடப் பகுதியில் கைப்பேசியைப் பற்றி என்ன பேச இருக்கிறது என்று சிலர் நினைக்கலாம். காரைக்குடியிலும் தேவகோட்டையிலும் இளையான்குடியிலும் நம் வீடுகளில் இன்று அரிசி, பருப்புக்கு அடுத்தபடி யோசித்து யோசித்துப் பணம் போட்டு வாங்கும் பொருள் இதுதான். பிள்ளையின் கல்வி உதவித்தொகை விண்ணப்பம், வங்கிக் கணக்கு, ரேஷன் குறுஞ்செய்தி, வெளிநாட்டில் இருக்கும் மகனின் குரல் எல்லாம் அதற்குள்தான் வருகின்றன. பல குடும்பங்களுக்கு அது ஒரு மாத வருமானம்.

மறுபக்கமும் உண்டு. நம் இளைஞர்களில் பலர் கைப்பேசி விற்கிறார்கள், பழுது பார்க்கிறார்கள், பழையதை வாங்கிப் புதியவருக்குக் கொடுக்கிறார்கள். ஆகவே வாங்குபவரும் நாமே, விற்பவரும் நாமே. இந்தப் பாடம் இருவருக்கும் உரியது.

1. சந்தையில் ஒரு தானியக் குவியல்

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒருமுறை சந்தையில் உணவு தானியக் குவியல் ஒன்றைக் கடந்து சென்றார்கள். குவியலுக்குள் கையை நுழைத்தபோது விரல்களில் ஈரம் பட்டது. இது என்ன என்று வியாபாரியைக் கேட்டார்கள். மழையில் நனைந்துவிட்டது என்று அவர் சொன்னார். மக்கள் பார்க்கும்படி நனைந்ததை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்ட நபியவர்கள், ஏமாற்றுபவர் தம்மைச் சார்ந்தவர் அல்லர் என்று எச்சரித்தார்கள். அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கும் இந்தச் செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் இடம்பெற்றுள்ளது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்த வியாபாரி சொன்ன காரணம் பொய் என்று நபியவர்கள் சொல்லவில்லை. மழை பெய்தது, தானியம் நனைந்தது. அது அவருடைய குற்றமில்லை. நனைந்ததை அடியில் வைத்து, உலர்ந்ததை மேலே பரப்பியதுதான் குற்றம். பொருளில் குறை வருவது வேறு, குறையை மறைப்பது வேறு.

இந்த ஒரு வேறுபாட்டைக் கையில் வைத்துக்கொண்டு கைப்பேசித் தொழிலைப் பார்ப்போம்.

2. கைப்பேசியின் அடியில் இருப்பது

கடையில் நாம் பார்ப்பது கண்ணாடித் திரை, கேமரா, நிறம். விளம்பரம் பேசுவதும் அவற்றையே. ஆனால் ஒரு கைப்பேசி எத்தனை ஆண்டு உழைக்கும், பாதுகாப்பாக இருக்குமா என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது நம் கண்ணில் படாத பேட்டரி.

லித்தியம் அயனி பேட்டரியின் அமைப்பு எளிது. நேர்முனைத் தகடு ஒன்று, எதிர்முனைத் தகடு ஒன்று. இரண்டும் தொட்டுவிடாதபடி நடுவே தலைமுடியை விட மெல்லிய பிளாஸ்டிக் சவ்வு. இவை அனைத்தும் எளிதில் தீப்பற்றக்கூடிய ஒரு திரவத்தில் நனைந்திருக்கும். சார்ஜ் செய்யும்போது லித்தியம் அயனிகள் ஒரு பக்கமும், பயன்படுத்தும்போது மறு பக்கமும் நகரும். அந்தச் சவ்வு கிழிந்தாலோ துளை விழுந்தாலோ தகடுகள் ஒன்றையொன்று தொட்டு வெப்பம் உண்டாகும். அந்த வெப்பமே மேலும் வெப்பத்தை உண்டாக்கும். பேட்டரி வீங்குவதும் வெடிப்பதும் பெரும்பாலும் இப்படித்தான்.

இந்த அறிவியல் நமக்குத் தூரமானது அல்ல. காரைக்குடியில் இருக்கும் மத்திய மின்வேதியியல் ஆய்வகம், அதாவது நாம் 'சிக்ரி' என்று அழைக்கும் நிறுவனம், இந்தத் துறையில் ஆய்வு செய்கிறது. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால் அது இந்த ஊருக்கு வந்தது. 1948 ஜூலை 25 அன்று பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14 அன்று டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். இங்கே உருவான லித்தியம் அயனி பேட்டரித் தொழில்நுட்பத்தை ராசி குழுமத்துக்கு வழங்கும் ஒப்பந்தம் 2018 ஜூனில் கையெழுத்தானது. பிளஸ் டூ வேதியியல் படிக்கும் நம் பிள்ளைகள் இதை அறிந்திருப்பது நல்லது. உலகமே தேடும் படிப்பு ஒன்று பஸ் ஏறிப் போகும் தூரத்தில் இருக்கிறது.

3. எது புதுமை?

2019ஆம் ஆண்டு வேதியியலுக்கான நோபல் பரிசு லித்தியம் அயனி பேட்டரிக்காக மூவருக்கு வழங்கப்பட்டது. 1970களில் ஸ்டான்லி விட்டிங்ஹாம் முதல் வடிவத்தை உருவாக்கினார். அதில் தூய லித்தியம் உலோகம் இருந்ததால் வெடிக்கும் ஆபத்தும் இருந்தது. 1980இல் ஜான் குட்இனஃப் கோபால்ட் ஆக்சைடைப் பயன்படுத்தி அதன் மின்னழுத்தத்தை உயர்த்தினார். 1985இல் ஜப்பானின் அகிரா யோஷினோ லித்தியம் உலோகத்தை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் கரிப்பொருளை வைத்தார். ஆபத்து பெருமளவு குறைந்தது. அதன் பிறகே 1991இல் சோனி நிறுவனத்தால் அதைச் சந்தைக்குக் கொண்டுவர முடிந்தது.

விட்டிங்ஹாம் அதைச் சாத்தியமாக்கினார், குட்இனஃப் வலுவாக்கினார், யோஷினோ பாதுகாப்பாக்கினார். கடைசிப் படி இல்லாதிருந்தால் முதல் இரண்டும் ஆய்வகத்திலேயே நின்றிருக்கும். தரத்தைப் பாதுகாப்பதும் புதுமைதான் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

இன்னொரு வகைப் புதுமையும் உண்டு. 2003இல் வந்த நோக்கியா 1100ஐ நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். அதன் தலையில் ஒரு டார்ச் விளக்கு இருந்தது. தூசி புகாதபடி பட்டன்கள் ஒரே உறையால் மூடப்பட்டிருந்தன. மின்வெட்டும் புழுதியும் உள்ள ஊர்களில் வாழும் மக்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டுச் செய்த பொருள் அது. உலகமெங்கும் 25 கோடிக்கும் மேல் விற்றது. ஏழையின் தேவையைக் கவனித்துச் செய்யும் சிறு மாற்றம் பெரிய புதுமையாகலாம்.

ஆனால் அங்கேயே நின்றுவிடவும் முடியாது. அதே நோக்கியா 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் ஆலை தொடங்கியது. தமிழகக் கிராமங்களிலிருந்து ஆயிரக்கணக்கான இளைஞர்கள், குறிப்பாகப் பெண்கள், அங்கே வேலைக்குப் போனார்கள். தொடுதிரைக் கைப்பேசிகள் வந்தபோது நோக்கியா பின்தங்கியது, கைப்பேசித் தொழிலை மைக்ரோசாஃப்டுக்கு விற்றது. வரி வழக்கில் சிக்கியிருந்த ஸ்ரீபெரும்புதூர் ஆலை அந்த விற்பனையில் சேராமல், 2014 நவம்பரில் மூடப்பட்டது. உழைக்கும் பொருளைச் செய்தவர்களும் கற்பதை நிறுத்தினால் பின்தங்குவார்கள். அதன் சுமை தொழிலாளர் வீட்டில் விழுகிறது.

4. குறை வந்தபோது என்ன செய்தார்கள்? மூன்று நிகழ்வுகள்

முதல் நிகழ்வு: 2007 ஆகஸ்ட். நோக்கியாவின் பிஎல்-5சி என்ற பேட்டரி அப்போது எல்லாப் பெட்டிக்கடைகளிலும் தெரிந்த பெயர். அதில் மட்சுஷிடா நிறுவனம் 2005 டிசம்பர் முதல் 2006 நவம்பர் வரை செய்து கொடுத்த 4 கோடியே 60 லட்சம் பேட்டரிகள், சார்ஜ் ஏறும்போது அளவுக்கு மீறிச் சூடாகலாம் என்று நோக்கியா தானே அறிவித்தது. அதுவரை உலகம் முழுவதும் பதிவானவை சுமார் 100 சம்பவங்கள்தான். பெரிய காயம் எவருக்கும் இல்லை. இருந்தும் பேட்டரியின் பின்பக்கத்தில் உள்ள அடையாள எண்ணைப் பார்த்து, அந்த வரிசையில் இருந்தால் இலவசமாக மாற்றிக்கொள்ளலாம் என்றது. இந்தியாவிலும் பரபரப்பு எழுந்தது. குறை வெளியே வைக்கப்பட்டது, யாருடைய பேட்டரி என்று தேடிப் பார்க்க வழியும் தரப்பட்டது.

இரண்டாவது நிகழ்வு: 2016. சாம்சங் கேலக்ஸி நோட் 7 ஆகஸ்ட் 19 அன்று விற்பனைக்கு வந்தது. மெல்லிய உடலுக்குள் 3,500 மில்லி ஆம்பியர் மணி பேட்டரி. சில நாள்களிலேயே அவை தீப்பிடிப்பதாகச் செய்திகள் வந்தன. செப்டம்பர் 2 அன்று சுமார் 25 லட்சம் கைப்பேசிகளைத் திரும்பப் பெறுவதாக நிறுவனம் அறிவித்தது. வேறொரு நிறுவனத்தின் பேட்டரியைப் பொருத்தி அவசரமாக மாற்றுக் கைப்பேசிகளைக் கொடுத்தது. அவையும் எரிந்தன. அக்டோபர் 11 அன்று தயாரிப்பே நிறுத்தப்பட்டது.

காரணத்தைத் தேட 700 ஆய்வாளர்கள் 2 லட்சம் கைப்பேசிகளையும் 30,000 பேட்டரிகளையும் சோதித்தார்கள். 2017 ஜனவரி 23 அன்று முடிவு வெளியானது. முதல் பேட்டரியில், உறையின் மேல் மூலையில் போதிய இடமில்லாமல் எதிர்முனைத் தகடு வளைந்திருந்தது. இரண்டாவது பேட்டரியில், வெல்டிங் செய்த இடத்தில் துருத்திக்கொண்டிருந்த உலோகப் பிசிறு சவ்வைக் குத்தியது. சில பேட்டரிகளில் ஒட்டியிருக்க வேண்டிய காப்பு நாடாவே இல்லை. ஒரு மூலை, ஒரு பிசிறு, ஒரு துண்டு நாடா. உலகின் மிகப் பெரிய கைப்பேசி நிறுவனத்தின் புத்தம் புதிய பொருளை இவைதான் வீழ்த்தின. அதன் பிறகு எட்டு கட்டப் பேட்டரிச் சோதனையை அந்த நிறுவனம் கொண்டுவந்தது.

முதல் முறை திரும்பப் பெற்றது சரியான முடிவு. காரணத்தை முழுதாகக் கண்டறியுமுன் மாற்றுப் பொருளைக் கையில் கொடுத்ததே இரண்டாவது தீக்கு வழிவிட்டது. அவசரத்தில் செய்த திருத்தம் திருத்தமாகாது.

மூன்றாவது நிகழ்வு: 2017 டிசம்பர். பழைய ஐபோன்களின் வேகத்தை ஆப்பிள் நிறுவனம் மென்பொருள் மூலம் குறைத்திருந்தது வெளியே தெரிந்தது. நிறுவனம் சொன்ன காரணத்தில் நியாயம் இருந்தது. பேட்டரி தளர்ந்துபோன கைப்பேசி திடீரென அணைந்துவிடாமல் இருக்க அப்படிச் செய்தோம் என்றது. ஆனால் வாங்கியவருக்கு அது தெளிவாகச் சொல்லப்படவில்லை. பேட்டரியை மாற்றினால் போதும் என்று தெரியாமல் புதுக் கைப்பேசியே வாங்கியவர்கள் இருந்தார்கள். நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. பேட்டரி மாற்றும் கட்டணத்தை 79 டாலரிலிருந்து 29 டாலராகக் குறைத்தது. அமெரிக்காவில் தொடுக்கப்பட்ட வழக்கை முடிக்க 2020இல் 50 கோடி டாலர் வரை கொடுக்க ஒப்புக்கொண்டது.

இந்த இடத்தில் தானியக் குவியலை நினைத்துப் பாருங்கள். மழையில் நனைந்தது என்பது உண்மையான காரணம். பேட்டரி தளர்ந்தது என்பதும் உண்மையான காரணம். ஈரம் மேலே வைக்கப்படாததுதான் இரண்டு இடத்திலும் பிழை.

5. இமாம் அபூஹனீஃபாவின் துணிக்கடை

இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் கூஃபா நகரில் துணி வியாபாரம் செய்தவர்கள். குறையுள்ள ஒரு துணியைப் பங்காளியிடம் கொடுத்து, விற்கும்போது குறையைச் சொல்லிவிடும்படி கூறினார்கள். பங்காளி மறந்துபோய் விற்றுவிட்டார். வாங்கியவர் யார் என்றும் தெரியவில்லை. அந்தப் பொருள்களுக்கு வந்த பணம் முழுவதையும் இமாமவர்கள் தர்மம் செய்துவிட்டார்கள் என்று வரலாற்று நூல்கள் சொல்கின்றன.

வாங்கியவரைத் தேட அவர்களுக்கு வழி இருக்கவில்லை. இன்று ஒவ்வொரு கைப்பேசிக்கும் ஓர் எண் இருக்கிறது, பில் இருக்கிறது, வாங்கியவரின் தொலைபேசி எண்ணும் இருக்கிறது. வழி இல்லாத காலத்தில் அவர்கள் அவ்வளவு அஞ்சினார்கள் என்றால், வழி உள்ள நமக்குச் சாக்கு ஏது?

மார்க்கச் சட்டத்தில் கியாருல் ஐப் என்று ஒன்று உண்டு. விற்பனைக்கு முன்பே பொருளில் இருந்த குறை மறைக்கப்பட்டிருந்தால், வாங்கியவர் அதைத் திருப்பிக் கொடுக்கும் உரிமை பெறுகிறார். நம் நாட்டின் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் குறையுள்ள பொருளுக்கு நிவாரணம் கேட்கும் உரிமையைத் தருகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் புதிதாகச் சந்தைக்கு வரும் கைப்பேசிகளின் பேட்டரி, 800 முறை சார்ஜ் ஏறி இறங்கிய பிறகும் 80 சதவீதத் திறனோடு இருக்க வேண்டும். முக்கிய உதிரி பாகங்கள் விற்பனை நின்றபின் 7 ஆண்டு கிடைக்க வேண்டும். உள்ளே இருப்பதை வெளியே சொல்ல வைக்கும் சட்டங்கள் இப்போதுதான் வருகின்றன. நமக்கு அந்தக் கட்டளை சந்தையில் நின்றபடியே தரப்பட்டுவிட்டது.

6. வாங்குவோர் கவனத்துக்கு

புதியதோ பழையதோ, கைப்பேசியில் *#06# என்று அழுத்தினால் 15 இலக்க ஐஎம்இஐ எண் தெரியும். அது பெட்டியிலும் பில்லிலும் உள்ள எண்ணோடு ஒத்துப்போக வேண்டும். கே, ஒய், எம் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளைத் தட்டி, ஓர் இடைவெளி விட்டு, அந்த எண்ணைச் சேர்த்து 14422க்குக் குறுஞ்செய்தி அனுப்பினால் அந்தக் கைப்பேசியின் விவரம் வரும். எண் முடக்கப்பட்டது என்றோ, வேறு மாடல் என்றோ வந்தால் வாங்க வேண்டாம்.

பேட்டரியிலும் சார்ஜரிலும் இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பதிவு எண் அச்சிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஆர் என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் அந்த எண்ணை பிஐஎஸ் கேர் என்ற செயலியில் போட்டுச் சரிபார்க்கலாம். நூறு ரூபாய் மிச்சப்படுத்த எண் இல்லாத பேட்டரியை வாங்குவது, வீட்டுக்குள் தீக்குச்சியைத் திறந்து வைப்பது போன்றது.

பின்மூடி தூக்கிக்கொண்டாலோ திரை லேசாக எழும்பினாலோ பேட்டரி வீங்கியிருக்கலாம். உடனே பயன்பாட்டை நிறுத்துங்கள். அழுத்தவோ குத்தவோ வேண்டாம். குப்பைத் தொட்டியிலும் போட வேண்டாம், பழைய பேட்டரி எடுத்துக்கொள்ளும் இடத்தில் கொடுங்கள். தலையணைக்கு அடியில் வைத்து இரவு முழுக்கச் சார்ஜ் செய்யும் பழக்கத்தைப் பிள்ளைகளிடம் கண்டிப்பாக நிறுத்துங்கள்.

பில் இல்லாமல் வாங்காதீர்கள். குறை ஏற்பட்டால் முதலில் கடைக்காரரிடம் பண்போடு எடுத்துச் சொல்லுங்கள். தீரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மேல் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. குறை ஏற்பட்ட நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும். வக்கீல் இல்லாமலும் வாதாடலாம்.

7. விற்போர், பழுது பார்ப்போர் கவனத்துக்கு

பழைய கைப்பேசியை விற்கும்போது டிஸ்ப்ளே மாற்றியது, பேட்டரி மாற்றியது, தண்ணீரில் விழுந்தது ஆகியவற்றை வாயால் சொல்வதோடு பில்லிலும் எழுதுங்கள். மாற்றியது கம்பெனிப் பாகமா, வெளிப் பாகமா என்று விலையோடு சேர்த்துச் சொல்லுங்கள். வெளிப் பாகம் போடுவது தவறில்லை. அதற்குக் கம்பெனிப் பாகத்தின் பெயரைச் சொல்வதுதான் தவறு. கழற்றிய பழைய பாகத்தை வாடிக்கையாளரிடம் காட்டுங்கள். பழுது பார்க்கக் கொடுத்த கைப்பேசியில் உள்ள படங்களும் செய்திகளும் அமானிதம். வேலைக்குத் தேவையில்லாததைத் திறக்கக் கூடாது.

உண்மை சொன்னால் வியாபாரம் குறையும் என்று அஞ்சுகிறவர்கள் உண்டு. வாங்குபவரும் விற்பவரும் உண்மை பேசிக் குறையைத் தெளிவுபடுத்தினால் அவர்களுடைய வியாபாரத்தில் பரக்கத் உண்டாகும், மறைத்தால் அந்தப் பரக்கத் அழிக்கப்படும் என்ற கருத்தில் நபிமொழி புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. நம் பகுதி ஆத்தங்குடி ஓடு செய்பவர்களுக்கு இது தெரியும். கண்ணாடியின் மேல் ஊற்றும் வண்ணப் பூவைத்தான் வாங்குபவர் பார்க்கிறார். அதன் பின்னால் இடும் சிமெண்ட், மணல் கலவையும், தண்ணீரில் ஊறவைக்கும் நாள்களும்தான் அந்தப் பூவைப் பல தலைமுறை தாங்குகின்றன. அடியில் குறைத்தவருடைய ஓடு சீக்கிரமே தன் கதையைத் தானே சொல்லிவிடும்.

வீட்டிலும் ஜமாஅத்திலும் பேசிப் பார்க்க

1. பொருளில் குறை வருவதற்கும் குறையை மறைப்பதற்கும் உள்ள வேறுபாட்டை நம் தொழிலிலிருந்து ஓர் உதாரணத்தால் விளக்குங்கள்.

2. மேலே சொன்ன மூன்று நிறுவனங்களில் எது ஈரத்தை மேலே வைத்தது? எது தாமதமாக வைத்தது?

3. உங்கள் வீட்டில் உள்ள சார்ஜர்களில் எத்தனையில் பதிவு எண் இருக்கிறது? இன்றே எண்ணிப் பாருங்கள்.

4. நம் மஹல்லாவில் பிளஸ் டூ வேதியியல், இயற்பியல் படிக்கும் மாணவ மாணவியர் யார் யார்? காரைக்குடி ஆய்வகம் பற்றி அவர்களுக்கு யார் எடுத்துச் சொல்லப் போகிறார்?

கண்ணுக்குத் தெரியும் இடத்திலும் தெரியாத இடத்திலும் ஒரே மாதிரி வேலை செய்யும் மனத்தையும், ஹலாலான வருமானத்தையும், அதில் பரக்கத்தையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.